சேவலுக்குப் பரிசு… எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்?

ஏற்காடு கோடை விழா என்றால் அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, கொழு கொழு குழந்தைகள் போட்டி, கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் நாய்கள் கண்காட்சி என்று ஊரே களைகட்டிவிடும். நாய்கள் கண்காட்சியில் கயிற்றுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் ஒரு கேள்வி கண்டிப்பாகக் காதில் விழும். “இதைவிட அது பெருசா, கம்பீரமா இருந்துச்சே, அதுக்கு ஏன் பரிசு குடுக்கல?”

கோழிக் கண்காட்சிகளிலும் இதே கேள்விதான். ஆனால், அங்கே இது வேடிக்கைக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை. பரிசு வாங்கிய சேவலின் குஞ்சு என்றால் விலை பல மடங்கு ஏறிவிடுகிறது. அந்த விலையைக் கொடுத்து வாங்குபவர்களில் சிறு விவசாயக் குடும்பங்களும் உண்டு. அதனால், பரிசு எதைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்வது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். சில நேரங்களில், வீட்டில் இருக்கும் மொத்தக் கோழிகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

மிளகு விற்ற பணத்தில் ஒரு சேவல்

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. தோட்ட வேலை அப்பாவுக்கும் மகனுக்கும். கோழி முழுக்க அம்மாவின் பொறுப்பு. சின்னதும் பெரியதுமாக 40 உருப்படிகள். காலையில் கொஞ்சம் கேழ்வரகும் தவிடும் போட்டுத் திறந்துவிட்டால், பொழுது சாய்ந்ததும் தானாக வந்து அடையும். முட்டை, கறி, அவசரத்துக்குக் கைக்காசு எல்லாம் அதிலிருந்துதான்.

மகன் செல்போனில் கிளிமூக்கு விசிறிவால் சேவல்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டான். தை மாதம் மிளகு விற்ற பணத்தில் 12,000 ரூபாய் கொடுத்து, நான்கு மாத வயதுடைய இளஞ்சேவல் ஒன்றை வாங்கி வந்தான். ‘அப்பன் சேவல் பரிசு வாங்கியது’ என்று விற்றவர் ஒரு கோப்பையின் போட்டோவைக் காட்டியிருந்தார். அந்தக் கோப்பை எந்தப் பிரிவில், எத்தனை சேவல்களுக்கு நடுவே கிடைத்தது என்று அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அம்மா சேவலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “மூக்கு நல்லா வளைஞ்சிருக்கு கண்ணு, முட்டையா போடப்போகுது?” என்று மட்டும் கேட்டார்.

சண்டை நின்ற இடத்தில் வந்த கண்காட்சி

கோழிக் கண்காட்சிக்குப் பெரிய வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1835-ம் ஆண்டு சேவல் சண்டைக்குச் சட்டப்படி தடை வந்தது. பத்தே ஆண்டுகளில், 1845-ல் லண்டன் விலங்கியல் பூங்காவில் பெரிய கோழிக் கண்காட்சி நடந்தது. சண்டையில் ஜெயிக்கும் சேவல் எது என்பது களத்திலேயே தெரிந்துவிடும். அழகில் ஜெயிக்கும் சேவல் எது என்று யார் சொல்வது? ஆளுக்கொரு தீர்ப்பு, நாளுக்கொரு சண்டை. அதனால், ஒவ்வொரு இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் தேவை வந்தது. 1865-ல் இங்கிலாந்திலும், 1874-ல் அமெரிக்காவிலும் அப்படிப்பட்ட இலக்கணப் புத்தகங்கள் அச்சாகின.

நம் நாட்டிலும் ஏறக்குறைய இதே பாதைதான். விலங்குகளைச் சண்டைக்கு விடுவதை 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அசில். அந்தச் சொல்லுக்கே ‘கலப்பில்லாதது’ என்று பொருள். அதில் அழகுக்காக வளர்க்கப்படும் வகைதான் கிளிமூக்கு விசிறிவால். திண்டுக்கல்லில் நடக்கும் கிளிமூக்கு விசிறிவால் சேவல் கண்காட்சிகளுக்குத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும், கேரளா, ஆந்திரா பக்கமிருந்தும் சேவல்கள் வருகின்றன. அங்கே சேவல்கள் மோதவிடப்படுவதில்லை, நிறுத்திப் பார்க்கப்படுகின்றன.

நடுவரின் கண்ணும் கையும்

கோழிக் கண்காட்சியில் நடுவர் செய்யும் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த இனத்துக்கு என்று எழுதி வைத்த இலக்கணத்தை மனதில் வைத்துக்கொண்டு, முன்னால் நிற்கும் பறவை அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்க்கிறார். ஒரு சேவலைவிட இன்னொரு சேவல் பெரியதா என்பது அவருடைய கேள்வியே அல்ல. இலக்கணத்தைவிடப் பெரிதாக இருந்தாலும் அது குறைதான்.

முதலில் பிரிவு பிரிப்பார்கள். ஒரு வயதைத் தாண்டிய சேவல், ஒரு வயதுக்குள் இருக்கும் இளஞ்சேவல், பெட்டை, வெடை என்று நான்கு பிரிவுகள் வைப்பது உலக வழக்கம். இனத்துக்கு ஏற்ப, நிறத்துக்கு ஏற்ப இன்னும் பிரியும். ஒரு பிரிவில் முதல் பரிசு வாங்கியவை அடுத்த சுற்றில் மோதும். கடைசியில்தான் ஒட்டுமொத்தக் கண்காட்சியின் சிறந்த பறவை. ஆகவே ‘முதல் பரிசு’ என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவில் என்று கேட்க வேண்டும். மூன்றே பறவைகள் நின்ற பிரிவிலும் முதல் பரிசு உண்டு. நூறு பறவைகள் நின்ற பிரிவிலும் முதல் பரிசு உண்டு.

நன்றாக நடக்கும் கண்காட்சிகளில் கூண்டின் மேல் எண் மட்டும் இருக்கும். உரிமையாளர் பெயர் இருக்காது. நடுவர் முதலில் கூண்டைத் தொடாமல் தள்ளி நின்று பார்ப்பார். நிற்கும் தோரணை, கழுத்தின் வளைவு, வால் அமைப்பு ஆகியவை பறவை பயமில்லாமல் நிற்கும்போதுதான் தெரியும். கூண்டுக்குப் பழகாத சேவல் மூலையில் ஒடுங்கிக்கொண்டால், இருக்கும் அழகும் தெரியாமல் போய்விடும்.

அடுத்து கையில் எடுப்பார். அலகு மேலும் கீழும் சரியாகப் பொருந்துகிறதா? கண் தெளிவாக இருக்கிறதா? இறக்கையை விரித்தால் இறகு வரிசை முழுதாக இருக்கிறதா? நெஞ்செலும்பு நேராக ஓடுகிறதா? கால் செதிலும் விரல்களும் சரியா? வால் அடியிலும் இறக்கை அடியிலும் பேன் இருக்கிறதா? பேன் கண்ட பறவை, எவ்வளவு அழகாக இருந்தாலும் பின்னுக்குப் போய்விடும்.

இதில் இரண்டு வகைக் குறைகள் உண்டு. மதிப்பெண் குறைக்கும் குறை ஒன்று. போட்டியிலிருந்தே விலக்கும் குறை இன்னொன்று. வால் ஒரு பக்கமாகக் கோணியிருப்பது, அலகு கோணலாக இருப்பது, இனத்துக்குரிய எண்ணிக்கையில் விரல் இல்லாதது ஆகியவை பல நாடுகளின் விதிகளில் விலக்கும் குறைகள். இறகுக்குச் சாயம் போடுவது, உடைந்த வாலில் வேறு இறகை ஒட்டுவது போன்ற ஏமாற்று வேலைகளுக்கும் அதே கதிதான்.

பரிசு கொடுக்கும் முறையிலும் இரண்டு வகை. முதல் வகையில், வந்தவற்றை வரிசைப்படுத்தி ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடுப்பார்கள். வந்தவை எல்லாமே சுமாராக இருந்தாலும் ஒன்றுக்கு முதல் பரிசு உண்டு. இரண்டாவது வகையில், குறிப்பிட்ட தரத்தைத் தொட்ட எல்லாப் பறவைகளுக்கும் முதல் தரப் பரிசு; தொடாவிட்டால் யாருக்கும் இல்லை. டென்மார்க் முறை என்று இதைச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் ரேங்க் போடுவதற்கும், பாஸ் மார்க் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

கிளிமூக்கு விசிறிவாலைப் பொறுத்தவரை பெயரிலேயே பாதி இலக்கணம் இருக்கிறது. கிளியைப்போல் வளைந்து இறங்கும் கெட்டியான அலகு. விசிறிபோல் விரிந்து நீளும் வால். இவற்றோடு தலையோடு ஒட்டிய சிறிய கொண்டை, தெளிவான கண், நீண்ட கழுத்து, உறுதியான கால், நிமிர்ந்து நிற்கும் தோரணை, இறகின் பளபளப்பு ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். இதில் முட்டைக்கு மார்க் இல்லை. அடை காப்பதற்கு மார்க் இல்லை. நோய் தாங்கும் சக்திக்கும் மார்க் இல்லை.

கைவிரலுக்குத் தெரிந்த குறை

ஆடி மாதம், சமவெளியில் நடந்த ஒரு கண்காட்சிக்கு மகன் சேவலைக் கொண்டுபோனான். சேவலை மூங்கில் கூடையில் வைத்து, விடியும் முன்பே கிளம்பிவிட்டான். 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி சேலம் வந்தபோதே சேவல் வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியும். மலைக் குளிருக்குப் பழகிய பறவைக்குச் சமவெளி வெயில் பெரிய சோதனை.

இளஞ்சேவல் பிரிவில் அதற்குப் பரிசு இல்லை. மற்றவர்களைப்போல் முணுமுணுத்துக்கொண்டு போகாமல், எல்லாம் முடிந்த பிறகு அவன் நடுவரிடம் போய், “ஐயா, என் சேவல்ல என்ன குறைன்னு சொன்னீங்கன்னா அடுத்த தடவை சரி பண்ணிக்குவேன்” என்று கேட்டான்.

நடுவர் அவன் விரலைப் பிடித்துச் சேவலின் நெஞ்செலும்பு மேல் வைத்தார். “தடவிப் பாரு தம்பி. நடுவுல ஒரு வளைவு தெரியுதா? எலும்பு முத்துறதுக்கு முன்னாடியே மெல்லிசுக் கம்பில ஏறித் தூங்கியிருக்கும். சுண்ணாம்புச் சத்தும் பத்தியிருக்காது. மூக்கும் வாலும் நல்லாத்தான் இருக்கு. ஆனா, இது இனிமே நிமிராது.”

12,000 ரூபாய் கொடுப்பதற்கு முன்பு, ஒரு விரலால் தடவியிருந்தால் தெரிந்திருக்கும் குறை அது. நடுவர் கூண்டில் செய்யும் சோதனையை, வாங்குபவர் சந்தையில் செய்ய வேண்டும். அலகு, கண், இறக்கை, நெஞ்செலும்பு, கால், வால் அடி. இந்த ஆறையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

கோப்பைக்குப் பதில் வந்தது

வீடு திரும்பியதும் சேவலை மற்ற கோழிகளோடு அப்படியே திறந்துவிட்டான். ஆறாம் நாள் ஒரு வெடை இரை எடுக்கவில்லை. எட்டாம் நாள் நான்கைந்து பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல். வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது.

பிப்ரவரி மாதம் கால்நடைத் துறை நடத்திய கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு, அப்போதிருந்த 14 பெரிய கோழிகளையும் புதுச் சேவலையும் அம்மா பஞ்சாரத்தில் வைத்துத் தூக்கிப்போய் ஊசி போட்டு வந்திருந்தார். அந்த 14-ல் 13 தப்பின. அதற்குப் பிறகு பொரித்து வளர்ந்த 26-ல் நான்குதான் மிஞ்சின. தீபாவளிக்கு விற்கலாம் என்று விட்டுவைத்த வெடைகளும் சேவல்களும்தான் போனவற்றில் பாதிக்கு மேல். நோயைக் கொண்டுவந்த கிளிமூக்குச் சேவலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தடுப்பூசி போட்ட பறவை நோய் காட்டாமலே கிருமியைச் சுமந்து வர முடியும். கூடை, தீவனச் சாக்கு, செருப்பு வழியாகவும் கிருமி வரும்.

அம்மா மகனைத் திட்டவில்லை. செத்த கோழிகளைச் சுண்ணாம்பு போட்டுக் குழியில் புதைத்துவிட்டு வந்து, “இனிமே வெளிய போயிட்டு வந்தது எதுவா இருந்தாலும் மூணு வாரம் தனியாத்தான் இருக்கணும்” என்றார். அந்த வீட்டில் இப்போது அதுதான் சட்டம்.

எதற்குப் பரிசோ, அது வளரும்

பரிசு என்பது ஒரு நாள் கூத்து என்று நினைத்துவிடக் கூடாது. எதற்குப் பரிசு கொடுக்கிறோமோ, அதைப் பார்த்துத்தான் அடுத்த தலைமுறைக்குச் சேவலும் பெட்டையும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஐரோப்பாவில் வெள்ளை முகக் கறுப்பு ஸ்பானிஷ் என்று ஒரு கோழி இனம். ஒரு காலத்தில் பெரிய வெள்ளை முட்டைகளுக்குப் பேர்போனது. கண்காட்சிகளில் அதன் வெள்ளை முகத்துக்கு மதிப்பு கூடியதும், முகம் பெரிதாக இருப்பவற்றையே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். முகம் பெரிதானது, கோழியின் தாக்குப்பிடிக்கும் சக்தி குறைந்துபோனது. அந்த இனம் இன்று அரிதாகிவிட்டது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் ‘நாளைய கோழி’ என்ற பெயரில் ஒரு போட்டி நடத்தினார்கள். 1948-ல் அதன் தேசிய இறுதிச் சுற்று நடந்தது. யாரும் தங்கள் அழகான சேவலைக் கொண்டுவரவில்லை. முட்டைகளை அனுப்பினார்கள். எல்லா முட்டைகளையும் ஒரே இடத்தில் பொரிக்க வைத்து, ஒரே மாதிரித் தீவனம் கொடுத்து 12 வாரம் வளர்த்து, வளர்ச்சியையும் கறியையும் கணக்குப் பார்த்துப் பரிசு கொடுத்தார்கள். அந்தப் போட்டியில் ஜெயித்தவர்களின் கோழிகளிலிருந்துதான் இன்றைய கறிக்கோழி வளர்ந்தது. அதில் அழகுக்கு இடமில்லை, அடை காப்பதற்கும் இடமில்லை. சேலத்துக்குப் பக்கத்தில் நாமக்கல் பண்ணைகளில் இருக்கும் முட்டைக்கோழிகளும் இப்படிக் கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட வம்சம்தான். முட்டை இடும், அடைக்கு உட்காராது.

இந்த இரண்டு கண்காட்சிகளிலும் மார்க் வாங்காத கோழி ஒன்று அந்த வீட்டில் இருந்தது. கறுப்பில் செம்புள்ளி போட்ட ஒரு பெட்டை. கொண்டை சாய்ந்திருக்கும். வால் கட்டை. எந்த நடுவரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால், 12 முட்டை வைத்தால் 10 குஞ்சு பொரிக்கும். பருந்து நிழல் தரையில் விழுந்தால் போதும், ஒரு குரலில் அத்தனை குஞ்சுகளையும் காப்பிச் செடிக்கு அடியில் ஒளித்துவிடும். அந்தப் பத்தில் எட்டையாவது இரண்டு மாதம் வரை கொண்டுவந்து சேர்க்கும். கழிச்சலுக்குப் பிறகு மிஞ்சிய 17-ல் அதுவும் ஒன்று. அந்த வீட்டில் கோழிகள் மறுபடி பெருகியது அதன் குஞ்சுகளால்தான்.

நம் ஊருக்கு ஒரு மதிப்பெண் அட்டை

கிளிமூக்கு விசிறிவால் வளர்ப்பது தவறு கிடையாது. நல்ல கலை அது. இலக்கணம் தெரிந்து, நோய்க் காப்பு தெரிந்து வளர்ப்பவர்களுக்கு வருமானமும் உண்டு. ஆனால், புறக்கடைக் கோழியை நம்பி இருக்கும் மலைக்கிராமங்களுக்கு, அந்தக் கோழியின் குணங்களைப் பார்க்கும் போட்டி ஒன்றும் வேண்டும். மகளிர் குழுவோ, உழவர் மன்றமோ ஊர் அளவில் இப்படி நடத்தலாம். மொத்தம் 100 மதிப்பெண்.

• வைத்த முட்டையில் பொரித்த குஞ்சு: 20
• அவற்றில் 8 வாரம் வரை தப்பிய குஞ்சு: 30
• ஓராண்டில் இட்ட முட்டை: 15
• கண், மூக்கு, எச்சம், பேன், கால் செதில் பார்த்து உடல்நலம்: 15
• எடை, நெஞ்செலும்பு, உடற்கட்டு: 10
• தடுப்பூசிப் பதிவு: 10

இதற்குக் கோழியை எங்கும் தூக்கிப்போக வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்று போதும். என்றைக்கு அடை வைத்தோம், எத்தனை பொரித்தது, எத்தனை மிஞ்சியது என்று எழுதி வர வேண்டும். நடுவர் வீடு வீடாக வந்து நோட்டையும் கோழியையும் பார்ப்பார். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் முன் கையையும் செருப்பையும் கழுவிக்கொள்ள வேண்டும். ஓராண்டு எழுதினால், எந்தப் பெட்டையின் முட்டையை அடைக்கு வைக்க வேண்டும் என்பது பரிசு கிடைக்காவிட்டாலும் தெரிந்துவிடும்.

கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு

நுழைவுக் கட்டணம் கட்டும் முன் விதிமுறைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பிரிவு, எதற்கு எத்தனை மதிப்பெண், எது விலக்கும் குறை என்று அதில் இருக்க வேண்டும். அப்படி ஒரு தாளே இல்லை என்றால், அங்கே கிடைக்கும் கோப்பைக்கும் பெரிய மதிப்பில்லை.

குஞ்சுக்கு 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8-வது வாரம் இறக்கைப் பகுதியில் ஊசி என்று ராணிக்கெட் தடுப்பூசியை முடித்திருக்க வேண்டும். கண்காட்சிக்குப் போகும் பறவைக்குக் கடைசித் தடுப்பூசி குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். இரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் கொஞ்ச நேரம் கூண்டில் நிறுத்தி, கையில் எடுத்துப் பழக்குங்கள். இரண்டு நாள் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி நன்றாகக் காயவிடுங்கள். கொண்டையிலும் காலிலும் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவலாம்.

மலையிலிருந்து இறங்குபவர்கள் அதிகாலையில் கிளம்புங்கள். வயிறு முட்டத் தீவனம் வேண்டாம். வழியில் தண்ணீர் காட்டுங்கள். அங்கே பொதுத் தண்ணீர்த் தட்டில் குடிக்கவிடாமல், சொந்தத் தட்டு கொண்டுபோங்கள்.

திரும்பி வந்ததும் மூன்று வாரம் தனிக்கூண்டு. வீட்டுக் கோழிகளுக்கு முதலில் தீவனம் போட்டுவிட்டு, கடைசியாகத்தான் அந்தக் கூண்டுக்குப் போக வேண்டும். கூடையைக் கழுவி வெயிலில் காயவைத்து, செருப்பையும் கழுவிவிடுங்கள். பரிசு கிடைத்திருந்தால் கோப்பையை அன்றைக்கே வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். சேவல் 22-ம் நாள்தான் மற்ற கோழிகளோடு சேர வேண்டும்.